போக நாலரை, வர நாலரை

எங்கள் பழைய பிரிவில் இப்போது வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தின் மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டுமாம். "உங்க காலத்துல ஃபாரின் டூர் எல்லாம் எப்படி சார் போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே கைபேசியைத் தட்டினார். பம்பாய்க்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று ஒரு நொடியில் வந்து நின்றது. காபி ஆறுவதற்குள் இன்னும் நாலு ஊருக்குப் பார்த்துக் காட்டினார். அதே விவரத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று ஆள், ஒரு நூல்கண்டு, பதினோரு வேலை நாள் தேவைப்பட்டன. அப்படியும் தப்பாகத்தான் கண்டுபிடித்தோம்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, நேர்முகத் தேர்வில் ஏதோ உளறி, எப்படியோ வேலை கிடைத்து எழுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்தேன். இரண்டு வருடம் ஸ்டோர்ஸில் திருகாணிகளின் பெயர்களைத் தட்டச்சு செய்தேன். பிறகு என்னைப் பயணப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதுவரை நான் விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். எங்கள் பிரிவில் இருந்த மற்ற இருவரும் அப்படித்தான். வெளிநாட்டுக்கு ஆளை அனுப்பும் பொறுப்பை எங்களிடம் ஒப்படைத்தவர்கள் எதை வைத்து ஒப்படைத்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிரிவின் தலைவர் தணிகாசலம் சார். அதற்கு முன்னால் அவர் ஒரு பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தவர். அந்த விஷயத்தில் புலி என்றே சொல்ல வேண்டும். எந்த நிறுத்தத்தில் எந்த வண்டி எத்தனை நிமிடம் நிற்கும் என்பதைத் தூக்கத்திலும் சொல்வார். அவருக்கு ஒரே ஒரு வேதம் உண்டு. போக எவ்வளவு நேரமோ, வரவும் அவ்வளவு நேரம். பண்ருட்டிக்குப் போன வண்டி திரும்பி வர அதிக நேரம் எடுத்தால் டிரைவர் எங்கோ டீ குடித்துக்கொண்டிருந்தான் என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் டிரைவர்களை அழவைத்திருக்கிறார். அதே வாக்கியத்தோடு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு படிவம் உண்டு. புறப்படும் இடம், சேரும் இடம், தூரம், பயண நேரம், மீண்டும் வேலைக்குச் சேரும் நாள், ஷிப்ட். நான் ஐந்து பிரதி அடிப்பேன். தணிகாசலம் சார் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். அதன் கீழே தலைமை எஞ்சினியர் படிக்காமல் போடுவார். ஒரு பிரதி டைம் ஆபீஸுக்குப் போகும். அங்கே அது போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது.

தூரம் என்ற கட்டத்துக்காகத்தான் நூல்கண்டு. சுவரில் ஓர் உலகப் படம் தொங்கியது. பியூன் நாற்காலி மேல் ஏறி நூலின் ஒரு முனையை ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடிப்பான். நான் மறு முனையைப் பம்பாயில் பிடிப்பேன். தணிகாசலம் சார் சற்றுத் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூல் தொய்கிறதா என்று பார்ப்பார். "இழுய்யா, ஆகாயத்துல ஏதுய்யா வளைவு?" என்பார். பிறகு நூலை வெட்டி, அடிக்கோலில் அளந்து, பெருக்கி, எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று எழுதினார். விமானக் கம்பெனி அனுப்பிய புத்தகத்தில் ஆறாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் என்று அச்சிட்டிருந்தது. உருண்டையான பூமியைத் தட்டையாக வரைந்தால் மேலே போகப் போக இழுபட்டுத்தான் தெரியும் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. தணிகாசலம் சார் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நம்ம கண்ணால பாத்து அளந்திருக்கோம், அவன் எதை வச்சு அளந்தான்?" என்று கேட்டார். வெட்டிய நூலை ஓர் உறையில் போட்டு, 'பம்பாய்–ஃபிராங்க்ஃபர்ட், சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பில் வைத்தார்.

இனி நேரத்துக்கு வருகிறேன். போகிற டிக்கெட்டில் பம்பாயில் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு, ஃபிராங்க்ஃபர்ட்டில் காலை பத்தரைக்குச் சேர்வு என்று இருந்தது. தணிகாசலம் சார் கழித்துப் பார்த்தார். நாலரை மணி நேரம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "மெட்ராஸ் பஸ்ஸு இன்னும் செங்கல்பட்டே தாண்டியிருக்காதுய்யா," என்றார்.

திரும்பி வருகிற டிக்கெட்டில் ஃபிராங்க்ஃபர்ட்டில் பகல் ஒரு மணி, பம்பாயில் அதிகாலை இரண்டு மணி. அதைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு மணிக்குக் கெளம்பி ரெண்டு மணிக்கு வருதாம். ஒரு மணி நேரத்துல வர முடியுமா? இல்ல, பதிமூணு மணி நேரம் ஆகுமா? ரெண்டுமே நடக்காது. பிரிண்டிங் மிஸ்டேக்." பச்சை மையை எடுத்து இரண்டு மணியை அடித்துவிட்டு, மாலை ஐந்தரை என்று எழுதினார். ஒரு சர்வதேச விமானக் கம்பெனியின் கால அட்டவணையை நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு திருத்திய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

கணக்கு தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். எப்படியென்றால், டவுன்ஷிப்பில் ஜெர்மன் எஞ்சினியர்கள் இருந்த அலுவலகத்துக்கு டிக்கெட் கொடுக்க நான்தான் போய் வருவேன். அங்கே சுவரில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருந்தார்கள். ஒன்று நம் நேரம், மற்றொன்று அவர்கள் ஊர் நேரம். ஊருக்கு டிரங்க் கால் போட வேண்டுமே! ஜெர்மன் கடிகாரம் எப்போதும் நாலரை மணி நேரம் பின்னால் ஓடும். தணிகாசலம் சாரும் ஒருமுறை அங்கே வந்திருக்கிறார். அந்த இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஸ்லோவாக ஓடுகிறது, பழுது பார்க்கவும் என்று மின்சாரப் பிரிவுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அதை அடித்தவனும் நான்தான்.

"சார், அங்க டைம் வேற இல்லீங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"வேறன்னா? அங்க ஒரு மணி நேரத்துக்கு எழுபது நிமிஷமா?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். மனைவியும் கைக்குழந்தையும் அம்பாசமுத்திரத்தில் இருந்தார்கள். நான் மூன்று பேரோடு ஓர் அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தில் தணிகாசலம் சார் பரிந்துரை எழுத வேண்டும். அது அவர் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

இத்தனைக்கும் முன்னால் பெரிய அதிகாரிகள் சிலர் ஜெர்மனி போய் வந்திருக்கிறார்கள். அப்போது ஏன் குட்டு வெளிப்படவில்லை என்று கேட்பீர்கள். பெரிய அதிகாரிகள் பம்பாயில் இரண்டு நாள் களைப்பாறிவிட்டுத்தான் வருவார்கள். களைப்பாறுகிறவரிடம் யார் மணிக்கணக்குக் கேட்பது? கலியமூர்த்திக்குத்தான் அந்த யோகம் அடித்தது.

கலியமூர்த்தி ஃபிட்டர். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். மைன்ஸுக்கு நிலம் கொடுத்த குடும்பம், அதற்கு ஈடாக வந்த வேலை. புரபேஷனில் இருந்தான். மண்ணை வாரும் பெரிய சக்கர இயந்திரத்தின் வயிற்றுக்குள் புகுந்து எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். ஒரு ஜெர்மன் எஞ்சினியர் பெயரைச் சொல்லிக் கேட்டதால் அவனை மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் புரபேஷன் முடிய வேண்டியது. முடிந்தால் பெர்மனென்ட், பெர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ். அவனுக்கு அது ஆசைக்கான விஷயம் இல்லை. அவன் வீடு இருந்த தெருவும் மைன்ஸ் எல்லைக்குள் வந்துவிட்டது. "மெஷினு சத்தம் வூட்டுக்குள்ளயே கேக்குது சார். மழைக்கு முன்ன காலி பண்ணச் சொல்லிட்டாங்க," என்று டிக்கெட் வாங்க வந்தபோது சொன்னான். புரபேஷன் காலத்தில் ஒரே ஒரு நாள் அனுமதியில்லாமல் வராமல் போனாலும் போச்சு. அதுதான் விதி.

எங்கள் படிவத்தின்படி அவன் ஞாயிறு பகல் ஒரு மணிக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏறி, மாலை ஐந்தரைக்குப் பம்பாயில் இறங்கி, ஏழரை மணி விமானத்தில் மெட்ராஸ் வந்து, பஸ் பிடித்து, திங்கள் காலை ஜெனரல் ஷிப்டுக்கு வந்துவிட வேண்டும். பம்பாய்–மெட்ராஸ் டிக்கெட்டையும் தனியாக நாங்களே எடுத்துக் கொடுத்திருந்தோம். பாவம், அவன் திங்கள் அதிகாலை இரண்டு மணிக்கு வந்து இறங்கியபோது, அவன் போயிருக்க வேண்டிய விமானம் மெட்ராஸ் போய்ச் சேர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அங்கே யார் யாரிடமோ கெஞ்சிக் காலை விமானத்தில் இடம் வாங்கி, பஸ் மாறி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு நேராக டைம் ஆபீஸுக்கு வந்தான். மணி பிற்பகல் மூன்று. ரிஜிஸ்டரில் ஆப்சென்ட் விழுந்திருந்தது.

தணிகாசலம் சாருக்கு இது அல்வா மாதிரி. இருபது வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த, வழியில் டீ குடிக்கிற டிரைவர் கடைசியில் ஆகாயத்திலேயே அகப்பட்டுவிட்டான். உடனே ஒரு மெமோ. ஞாயிற்றுக்கிழமை பயணத்தின்போது எட்டரை மணி நேரத்தை எங்கே, யாருடைய அனுமதியுடன் கழித்தீர் என்று கேட்டிருந்தார். அதற்குக் கலியமூர்த்தி தன் கைப்பட எழுதிக் கொடுத்த பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். 'ஐயா, ஏறியதிலிருந்து இறங்கும் வரை விமானத்திற்கு உள்ளேயே இருந்தேன். நடுவில் இறங்க வசதி இல்லை.'

பதில் திருப்தியளிக்கவில்லை என்று என்கொயரி வைத்தார்கள். விசாரணை அதிகாரி வேறு பிரிவு எஞ்சினியர், நல்ல மனிதர், ஜெர்மனிக்கும் போய் வந்தவர். குற்றச்சாட்டைச் சொல்கிறவர் தணிகாசலம் சார். படிவத்தை அடித்தவன் என்ற முறையில் நான் சாட்சி. நடவடிக்கைகளைக் குறிப்பெடுப்பதும் நான்தான். ஆள் பற்றாக்குறை.

தணிகாசலம் சார் உறையைப் பிரித்து நூலை எடுத்து மேஜையில் நீட்டி வைத்தார்.

"போகும்போது நூல் இவ்வளவு. வரும்போதும் இவ்வளவுதான். நூல் மாறலை. நேரம் எப்படி சார் மாறும்?"

விசாரணை அதிகாரி நூலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு கலியமூர்த்தியைப் பார்த்து, "நீ என்னப்பா சொல்றே?" என்றார்.

கலியமூர்த்தி கைக்கடிகாரத்தைக் கழற்றி நூலுக்குப் பக்கத்தில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் எடுத்தான்.

"இது கல்யாணத்துக்கு எங்க மாமனார் கட்டுன கடியாரம்ங்க. அங்க போயி நான் இத தொடவே இல்லீங்க. நம்மூரு டைமே வச்சிகினு இருந்தேங்க."

"எதுக்கு?"

"இந்நேரம் எந்த ஷிப்டு சங்கு ஊதும், வூட்ல என்னா பண்ணிகினு இருப்பாங்கன்னு பாத்துக்குவேங்க. அங்க எல்லாரும் டிபன் துன்ன சொல்லோ, இங்க சோறு ஆயிருக்கும்னு நெனச்சிக்குவேங்க." கொஞ்சம் வெட்கப்பட்டான். "போக சொல்லோ காலைல ஆறு மணிக்கு ஏறனேங்க, எறங்க சொல்லோ இதுல மத்தியானம் மூணு. ஒம்பது மணி நேரம். வர சொல்லோ ஏறனது அஞ்சரை, எறங்கனது ரெண்டு. எட்டரை மணி நேரம்ங்க. நோட்டுல எழுதிகினு வந்திருக்கேன்."

ஒன்பது, எட்டரை. தம்பியின் கைபேசி போன மாதம் காட்டியதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். உலகப் படமும் பச்சை மையும் இல்லாமல், மனைவி ஞாபகத்தில் ஒரு ஃபிட்டர் சரியாகக் கண்டுபிடித்திருந்தான்.

தணிகாசலம் சார் விடுவாரா? "பாருங்க சார், அவனே ஒத்துக்கறான். பிளேன் கெளம்பினது ஒரு மணிக்கு. இவன் கடியாரத்துல அஞ்சரை. நாலரை மணி நேரம் ஃபாஸ்ட்டா ஓடுற கடியாரத்த நம்பி ஒருத்தன் டியூட்டிக்கு வந்தா இப்படித்தான் ஆகும்."

விசாரணை அதிகாரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் படிவத்தில் தலைமை எஞ்சினியரின் கையெழுத்து இருந்தது. அது தப்பு என்று சும்மா எழுதிவிட முடியாது, பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும். என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் படிவத்தை நீங்கதானே அடிச்சீங்க? அப்ப உங்களுக்கு இந்த நேரத்தைப் பத்திச் சந்தேகம் ஏதாவது வந்துதா?"

நான் பென்சிலைப் பார்த்தேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாருகிட்டயாவது கேட்டீங்களா?" என்று இன்னொரு முறை, சற்று மெதுவாக, ஏறக்குறைய கெஞ்சுகிற மாதிரி கேட்டார். ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குமாஸ்தா எச்சரித்தும் பிரிவு கவனிக்கவில்லை என்று எழுதியிருப்பார். கலியமூர்த்தி அன்று மாலையே தப்பித்திருப்பான்.

தணிகாசலம் சார் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மூடினார். வேறொன்றும் செய்யவில்லை. கண்ணாடிக்கு அடியில் இருந்த என் விண்ணப்பம் மனக்கண்ணில் தெரிந்தது.

"இல்லை சார்," என்றேன். சொன்னதை நானே குறித்தும் வைத்தேன்.

ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. ஊழியர் தமது கைக்கடிகாரத்தை அந்நாட்டு நேரத்துக்கு மாற்றி வைக்காத கவனக்குறைவால் தாமதம் நேர்ந்ததாம். கெட்ட எண்ணம் இல்லாததால் வேலை நீக்கம் இல்லை. எச்சரிக்கை, புரபேஷன் ஆறு மாதம் நீட்டிப்பு. அந்நாட்டு நேரம் என்று ஒன்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கான தண்டனையை மட்டும் கலியமூர்த்திக்குக் கொடுத்தார்கள். இதையும் ஐந்து பிரதி அடித்தேன். ஓர் எழுத்துப்பிழை கிடையாது.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனவன் சைக்கிள் ஸ்டாண்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தான்.

"சார், உங்களுக்கும் மெய்யாலுமே தெரியாதுங்களா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? குடுத்ததை அடிக்கிறவன் நான்," என்றேன்.

"அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லிருப்பீங்க," என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

அடுத்த மாதம் குவார்ட்டர்ஸ் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. எங்கள் வகை வீடுகள் ஆறு. அதில் ஆறாவது பெயர் என்னுடையது. அதற்கு முந்தைய உத்தேசப் பட்டியலை அலுவலகத்தில் பார்த்தேன். அதில் நான் ஏழாவது. நாலாவதாக, பெர்மனென்ட் ஆனால் என்ற நிபந்தனையோடு, கலியமூர்த்தி பெயர் இருந்து அடிக்கப்பட்டிருந்தது. மனைவி வந்தாள், குழந்தை வந்தது, பால் காய்ச்சினோம். கலியமூர்த்தி வீட்டை மழைக்கு முன்னால் இடித்துவிட்டார்கள். முத்தாண்டிக்குப்பத்தில் மனைவி வழி உறவினரின் மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தகரம் போட்டு, இரண்டு மழைக்காலம் பிள்ளைகளோடு இருந்தான். பிறகுதான் அவனுக்கு வீடு கிடைத்தது. அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பதவி உயர்வுப் பட்டியலில் கடைசிவரை அவனுக்கு முன்னால்தான் இருந்தார்கள்.

தணிகாசலம் சாரைப் பற்றியும் சொல்லி முடித்துவிடுகிறேன். எண்பதுகளில், ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஏதோ ஒரு குழுவோடு அவரையும் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். வாசலில் மாலை போட்டு வழியனுப்பினோம். திரும்பி வந்தார். மூன்றாம் நாள் ஒரு சுற்றறிக்கை எழுதிக் கொடுத்தார். ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது பயண நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தார். காரணம் என்ற இடத்தில் எதிர்க்காற்று என்று எழுதியிருந்தார்.

போன தை மாதம் முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் கலியமூர்த்தியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பந்தியில் என்னைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கையில் அதே கடிகாரம், வார் மட்டும் புதுசு. எல்லாரையும் விசாரித்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வூட்டுக்காரி ரொம்ப நாளா உங்க மேல கோவமா இருந்தா சார். அந்த வூடு நமக்கு வர வேண்டியது, அந்தக் கிளார்க்குக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிகினே இருப்பா. நான்தான் விடல. அவரு நல்ல மனுஷன், தெரிஞ்சா சொல்லிருப்பாருன்னு அவகூடச் சண்டையே போட்டிருக்கேன். போன வருஷம் போயிட்டா. கடைசி வரைக்கும் அவ நம்பவே இல்ல, பாருங்க."

அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறென்ன, பழக்கம்தான்.

மலருக்குக் கட்டுரை கேட்ட தம்பி, பணிக்காலத்தில் நான் பெருமைப்படும் விஷயத்தை எழுதச் சொன்னார். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேண்டுகோளைப் பிரசுரித்தால் போதும். பழைய விசாரணைக் கோப்பு இன்னும் எங்காவது இருந்தால், சாட்சியின் பதில் 'இல்லை' என்று இருக்கும் இடத்தில் 'ஆமாம் சார், எனக்குத் தெரியும்' என்று திருத்திக்கொள்ளவும். கோப்பு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. மலரின் ஒரு பிரதியைக் கலியமூர்த்திக்கு அனுப்பிவையுங்கள். அவர் மனைவி சொன்னதுதான் சரி.